ஒரு முற்றத்தில் பல உயிர்கள்

கோழி தனித்து வளர்ந்த பறவை அன்று. தென்கிழக்கு ஆசியாவின் செங்காட்டுக்கோழியிலிருந்து தோன்றிய வீட்டுக்கோழி, மனிதரோடும் அவர்தம் ஆடு மாடுகளோடும் ஒரே முற்றத்தைப் பகிர்ந்துகொண்டு பெருகியது. தமிழர் வகுத்த ஐந்திணைகளுள் கானக்கோழிக்கு உரிய நிலம் முல்லை. ஆநிரை மேய்த்த ஆயருக்கு உரிய நிலமும் அதுவே. தமிழ்மொழியும் இவ்வாழ்வை நுட்பமாகப் பதிவு செய்துள்ளது. மாடு இடுவது சாணம். ஆடு இடுவது புழுக்கை. குதிரை இடுவது இலத்தி. கோழி இடுவது எச்சம். ஒரே முற்றத்தில் வாழ்ந்தாலும் ஒவ்வோர் உயிரும் வேறு என்பதை அறிந்தவர்கள் படைத்த சொற்கள் இவை. அவ்வறிவு இன்று நகரங்களுக்கே மிகுதியாகத் தேவைப்படுகிறது.

வடசென்னையில் திருவொற்றியூருக்கும் மணலிக்கும் இடையே உள்ள சாத்தாங்காடு, காட்டைத் தன் பெயரில் மட்டுமே கொண்டுள்ளது. இன்று அதன் அடையாளம் இரும்பு, எஃகு அங்காடியும் அங்கு வந்து செல்லும் சரக்குந்துகளுமே. அண்மையில் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969 முதல் இயங்குகிறது. எனினும், இத்தகைய தொழிற்பகுதிகளின் குடியிருப்புகளில் கறவை மாடும் ஆடும் நாட்டுக்கோழியும் இன்றும் குடும்பங்களைத் தாங்குகின்றன. இவை குறித்து இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. நகரத்தில் கால்நடைக்கு இடமே கூடாது என்பது ஒன்று. அவிழ்த்துவிட்டால் அவை தாமே பிழைத்துக்கொள்ளும் என்பது மற்றொன்று. இரண்டும் ஏற்கத்தக்கன அல்ல.

சேர்த்து வளர்ப்பதன் பயன் கண்கூடானது. சாணத்திலும் இலத்தியிலும் செரிக்காது எஞ்சிய தானியத்தையும், ஈக்களின் புழுக்களையும் கோழி கிளறி உண்கிறது. மாட்டின் உடலிலிருந்து விழும் உண்ணிகளையும் கொத்தித் தின்கிறது. பால் குறையும் காலத்தில் முட்டை கைகொடுக்கிறது. பிற நாடுகளிலும் இத்தகைய துணைவாழ்வு உண்டு. ஆண்டிஸ் மலைநாட்டு விலங்கான லாமாவை, வட அமெரிக்கப் பண்ணையாளர் சிலர் ஆட்டு மந்தைக்குக் காவலாக வளர்க்கின்றனர். 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் கோழியினங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 12 கோடி. இந்திய மாநிலங்களுள் இதுவே முதலிடம். அவற்றுள் பெரும்பங்கு பெரும்பண்ணைகளைச் சார்ந்தது. ஆயினும், ஏழைக் குடும்பத்தின் அவசரச் செலவுக்கு உதவுவது முற்றத்துக் கோழியே.

ஆனால், சேர்த்து வளர்த்தல் என்பது ஒரே கொட்டிலில் அடைத்தல் அன்று. ஓர் உயிரின் உணவு மற்றோர் உயிருக்கு நஞ்சாகலாம். இரத்தக்கழிச்சலைத் தடுக்கக் கோழித் தீவனத்தில் சேர்க்கப்படும் மொனென்சின் என்னும் மருந்து, குதிரையின் இதயத் தசையைச் சிதைத்து அதன் உயிரைப் பறிக்கும். தானியம் மிகுந்த அத்தீவனத்தை ஆடு அளவின்றி உண்டால், வயிற்றில் அமிலம் மிகுந்து இறக்க நேரிடும். கோழியைப் பெரிதும் வருத்தாத கருந்தலை நோய், அதனோடு வளரும் வான்கோழியைக் கொல்லும். தண்ணீர்த் தொட்டியில் கோழி எச்சம் கலந்தால் அதிலுள்ள நுண்ணுயிரிகள் கன்றுகளைத் தாக்கும். 2024ஆம் ஆண்டில் அமெரிக்கக் கறவை மாடுகளில் பறவைக்காய்ச்சல் நச்சுயிரி கண்டறியப்பட்டது, நோய்க்கு இனவேலி இல்லை என்பதை உலகிற்கு உணர்த்தியது.

தொழிற்பகுதியில் மேலும் ஓர் இடர் உண்டு. கோழி மண்ணைக் கிளறியே இரை தேடும். பழைய மின்கலங்களும் வண்ணப்பூச்சுகளும் சிதைந்து கலந்த மண்ணில் ஈயம் இருக்கக்கூடும். அம்மண்ணில் மேயும் கோழியின் முட்டை வழியாக அது குழந்தையின் உடலை அடையும். வளரும் மூளையைப் பாதிக்கும். குப்பையில் மேயும் பசு விழுங்கும் நெகிழிப்பை அதன் வயிற்றிலேயே தங்கிவிடும். எனவே, இங்கு அவிழ்த்துவிடுதல் விலங்குக்குத் தரும் விடுதலை ஆகாது. பொறுப்பைத் தட்டிக்கழித்தலே ஆகும்.

தீர்வு கடினமானதன்று. கோழிக்குத் தனிக்கூண்டும் உயரத்தில் உறங்கக் கழியும் வேண்டும். தீவனத்தை மாடும் ஆடும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். தொட்டிகளை நாள்தோறும் கழுவ வேண்டும். புதிதாக வாங்கிய உயிரைச் சில வாரங்கள் தனியே வைத்துக் கண்காணிக்க வேண்டும். வெள்ளைக்கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோய் ஒரு முற்றத்துக் கோழிகள் அனைத்தையும் சில நாள்களில் அழித்துவிடும். அதனைத் தடுக்க எளிய தடுப்பு மருந்து உள்ளது. 1989இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம், சாத்தாங்காட்டிற்குத் தொலைவில் அல்லாத மாதவரத்திலேயே அமைந்துள்ளது. அருகிலுள்ள அறிவு எளியோரின் கொட்டில்வரை சென்று சேர வேண்டும்.

தெருவில் திரியும் மாட்டின் உரிமையாளருக்குத் தண்டம் விதிப்பதோடு நகர நிருவாகத்தின் கடமை முடிந்துவிடாது. பொதுக்கொட்டிலுக்கு இடமும், மண் ஆய்வுக்கு வழியும், தடுப்பூசி முகாமும் தருவது அதன் பொறுப்பு. இடமும் நேரமும் எத்தனை உயிர்களுக்குப் போதுமோ அத்தனையை மட்டும் வளர்ப்பது உரிமையாளரின் பொறுப்பு. இவ்விரண்டும் இணைந்தால், இரும்பு அங்காடியின் அருகிலும் ஒரு பசுவும் நான்கு கோழிகளும் நலமாக வாழும். அவற்றை நம்பிய குடும்பமும் வாழும்.