கணக்கு கனவுல வர்றதில்லீங்க

வருஷா வருஷம் டிசம்பர் 22 வந்தா போதும், நம்ம பதிவர்கள் ஆளாளுக்கு ஒரு ராமானுஜன் பதிவு. 1729, டாக்ஸி, நாமகிரித் தாயார், 32 வயசுல மரணம். நானும் போட்டிருக்கேன், மறுக்கலை. அதோட விளைவை போன வாரம்தான் நேர்ல பார்த்தேன்.

ப்ளஸ் ஒன் படிக்கிற அக்கா பொண்ணுகிட்ட, "ஏம்மா கணக்குல இப்படி சொதப்பி வெச்சிருக்கே?"ன்னு கேட்டேன். "அதெல்லாம் சாமி கனவுல வந்து சொல்றவங்களுக்குத்தான் வரும் மாமா. நமக்கு வராது"ன்னுட்டா. சுரீர்னு இருந்துச்சு. இந்தக் கதையை அவளுக்குச் சொன்னதே நான்தான் :-(

கனவை விடாம சொல்ற நாம, லோனியோட திரிகோணமிதிப் புத்தகம் கும்பகோணத்துல அந்தப் பையன் கையில கிடைச்சதைச் சொல்றதில்லை. 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் மாசம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்ததையும் சொல்றதில்லை. புத்தகமும் சம்பளமும் கதைக்கு சுவாரசியம் இல்லை பாருங்க.

சரி, எஸ். ஆர். சீனிவாச வரதனைப் பத்தி நம்மள்ல எத்தனை பேர் எழுதியிருக்கோம்? 1940-ல் சென்னையில பிறந்தவர். அப்பா பள்ளிக்கூட அறிவியல் வாத்தியார். ஹைஸ்கூல்ல ஒரு கணக்கு வாத்தியார், லீவு நாள்ல பசங்களை வீட்டுக்குக் கூப்பிட்டு, விளையாட்டு மாதிரி புதிர்க்கணக்கு கொடுத்திருக்கார். அவ்வளவுதாங்க அற்புதம்! அப்புறம் மாநிலக் கல்லூரியில புள்ளியியல் ஆனர்ஸ், 1959. கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்துக்குப் போனப்ப அவர் மனசுல இருந்தது தொழிற்சாலைக்கு உதவுற புள்ளியியல். அங்க பார்த்தசாரதி, ரங்கா ராவ், வரதராஜன்னு சீனியர்கள் நிகழ்தகவுப் பக்கம் இழுத்துக்கிட்டாங்க. ஆய்வேட்டைத் திருத்தினவங்கள்ல கோல்மோகரோவும் ஒருத்தர். 1963-ல் நியூயார்க் கூரன்ட் நிறுவனம். 2007-ல் ஏபெல் பரிசு. 2023-ல் பத்ம விபூஷண்.

பரிசு எதுக்கு? ஒரு காசை 10 தடவை சுண்டினா 7 தலையோ அதுக்கு மேலயோ விழ நூத்துக்குப் பதினேழு வாய்ப்பு இருக்கு. 100 தடவை சுண்டி 70-ஓ அதுக்கு மேலயோ விழணும்னா? லட்சத்துல நாலுதான். சராசரியை விட்டு இவ்வளவு தூரம் விலகுற அபூர்வம், எந்த வேகத்துல இன்னும் அபூர்வமாகுது? 1930-கள்ல ஸ்வீடன்ல க்ராமேர் இன்சூரன்ஸ் கம்பெனி திவாலாகுற ஆபத்தை யோசிச்சுக்கிட்டு இந்தக் கேள்வியில இறங்கினார். 1966-லிருந்து வரதன் அதை எடுத்து, எங்கெங்கயோ சிதறிக் கிடந்த கணக்குகளுக்கெல்லாம் ஒரே சட்டகமா ஆக்கினார். இதுல எனக்குப் பிடிச்ச சங்கதி: அபூர்வம் நடந்தே தீரும்னா, இருக்கிற வழிகள்ல ரொம்ப அபூர்வமில்லாத வழியாத்தான் நடக்குமாம். 2018 நவம்பர்ல கஜா வந்து எங்க புதுக்கோட்டை மாவட்டத்துத் தென்னையை எல்லாம் சாய்ச்சுட்டுப் போனப்புறம், 'அபூர்வம்'ங்கிற வார்த்தையை அலட்சியமா சொல்ல எங்களுக்கு வாய் வராது.

"வரதனும் பிறவி மேதைதானேய்யா"ம்பீங்க. இருக்கட்டுமே. எங்க ஆவுடையார்கோவில் கொடுங்கையை அண்ணாந்து பார்த்திருக்கீங்களா? கல்லுல கயிறு, கல்லுல ஆணி. வர்றவங்க எல்லாரும் "மனுஷன் செய்ற காரியமா இது?"ன்னு கேட்டுட்டுப் போவாங்க. மனுஷன்தான்யா செஞ்சான். உளியை எப்படிச் சாய்ச்சுப் பிடிக்கணும்னு ஒருத்தன் காட்டிக்கொடுத்திருப்பான், இவன் எத்தனையோ கல்லை உடைச்சுத் திட்டு வாங்கியிருப்பான். அந்தத் திட்டை மறைச்சுட்டு தெய்வச் செயல்னு சொன்னா, அடுத்த பையன் உளியைத் தொடவே மாட்டான். கணக்குலயும் நாம இதைத்தான் பண்ணிக்கிட்டு இருக்கோம்.

கனவை நம்மால ஏற்பாடு பண்ண முடியாது. ஞாயித்துக்கிழமை நாலு புதிரை ஏற்பாடு பண்ண முடியும்ல?

டிஸ்கி: அந்தக் காசுக் கணக்கை அக்கா பொண்ணுகிட்ட கொடுத்தேன். ரெண்டு நாள் ரஃப் நோட்டைக் கிழிச்சுத் தள்ளிட்டு, "1024-ல 176 மாமா"ன்னு வந்து நின்னா. சரிதான். "அப்ப 100 தடவைக்கு எப்படி எண்றது?"ன்னு அடுத்த கேள்வி. எனக்கு எண்ணத் தெரியலை. தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்கப்பா, ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும்.