புள்ளி தூசி இல்லை



கொஞ்சம் நீளமான பதிவு. பெயர்ப்பலகைக்குப் பணம் கட்டினவங்களாவது முழுசா படிங்க.

கும்பாபிஷேகத்துக்கு உபயம் கொடுத்தவங்க பெயர்களை மண்டபத்துச் சுவரில் பதித்தோமே, ஞாபகம் இருக்கும். தங்க நிறத் தகட்டில் கறுப்பு எழுத்து, லேசரில் வெட்டினது. தூரத்தில் இருந்து பார்க்க நல்லாத்தான் இருந்தது. நாங்களும் படம் எடுத்து இங்கேயே போட்டோம், நீங்களும் லைக் போட்டீங்க. யாரும் கிட்டப் போய்ப் படிக்கவில்லை, நாங்கள் உட்பட.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஓர் அம்மா பேரனோடு வந்தாங்க. இறந்துபோன தன் தாயார் பேரில் உபயம் கொடுத்தவங்க. பையன் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு, எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயசு. "உங்க பாட்டி பேரைப் படிடா"ன்னு சொன்னாங்க. பையன் ஒவ்வோர் எழுத்தாகப் படிச்சான். படிச்சது பெயராகவே வரவில்லை. அந்தப் பெயரில் மூணு புள்ளி இருக்கணும், பலகையில் ஒன்றுகூட இல்லை. 'அம்மா' என்பதை 'அமமா' என்று வெட்டி வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. அந்த அம்மா எங்களைத் திட்டவில்லை. "பரவாயில்லப்பா, சாமிக்குத் தெரியும்"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. திட்டியிருந்தால் தேவலாம்.

அதுக்கப்புறம் டார்ச் லைட் அடிச்சு எல்லாப் பலகையும் படிச்சோம். பாதிக்கு மேல் புள்ளி காணோம். சிலதில் ஒரு புள்ளி இருக்கு, பக்கத்துப் புள்ளி இல்லை.

நிர்வாகத்தில் சிலர் உடனே கடைக்காரர் மேல் பழி போட்டாங்க. நாங்கள் அந்தக் கடைவீட்டுக்கே போய் அவர் கணினி முன்னால் உட்கார்ந்து பார்த்தோம். தப்பு எங்களுடையது. அதைத்தான் இங்கே விளக்கப் போகிறோம், ஏன்னா கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் இன்றைக்கு எந்த ஆலயத்திலும் இதே தப்பு நடக்கலாம்.

நாங்கள் பெயர்ப் பட்டியலை அச்சடிச்சு, கைத்தொலைபேசியில் படம் பிடிச்சு, புலனத்தில் அனுப்பினோம். புலனம் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். ஒரு பக்கத்தில் நாற்பது பெயர் இருந்தால், ஓர் எழுத்து சுமார் 15 பிக்சல் உயரம்தான் வரும். அதில் புள்ளி என்பது 2 பிக்சல் அகலம், அவ்வளவுதான். கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. அவர் அந்தப் படத்தை லைட்பர்ன் மென்பொருளில் போட்டு, 'ட்ரேஸ் இமேஜ்' என்கிற வசதியால் எழுத்துகளைக் கோடாக மாற்றினார். அந்த இடத்தில் 'இக்னோர் லெஸ் தேன்' என்று ஓர் அமைப்பு இருக்கு. இத்தனை பிக்சலுக்கும் குறைவான துணுக்கை எல்லாம் விட்டுவிடு என்று அர்த்தம். படம் பிடிக்கும்போது விழுகிற தூசி, அழுக்கு, மங்கல் புள்ளிகளைக் களைய வைத்த அமைப்பு அது. எங்கள் படத்தில் அழுக்கு நிறைய. அவர் எண்ணை ஏற்றினார், அழுக்கு போனது. கூடவே மெய்யெழுத்தின் புள்ளியும் போனது. மென்பொருளுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் ஒரு சின்ன 'ஐ' மேல் புள்ளி போனால் யாரும் தடுமாற மாட்டாங்க. தமிழில் புள்ளி போனால் எழுத்தே வேறு.

ஆகவே எங்கள் கருத்து இதுதான்: ஆலயத்துக்குப் பெயர் வெட்டுகிற எந்த வேலையிலும் படத்தைக் கொடுக்கக்கூடாது. யூனிகோடில் தட்டச்சு செய்த எழுத்தைத்தான் கொடுக்கணும். வெட்டுவதற்கு முன் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருத்தர் அந்தக் கணினித் திரை முன்னால் உட்காரணும். இந்த இரண்டாவது விஷயத்துக்குத்தான் நிர்வாகத்தில் எதிர்ப்பு. "கடைக்காரர் வேலையை நாம ஏன் பார்க்கணும், காசு கொடுக்கிறோமே" என்கிறாங்க. காசு வெட்டுவதற்குத்தான் கொடுக்கிறோம். தமிழ் படிக்க அவருக்கு யாரும் காசு கொடுக்கவில்லை.

தட்டச்சு செய்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. யூனிகோடில் 'கொ' என்று தட்டினால் கணினிக்குள் முதலில் 'க', அதற்குப் பிறகுதான் கொம்பும் காலும் இருக்கும். கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைப்பது மென்பொருளின் வேலை. சில பழைய வடிவமைப்பு மென்பொருள்களுக்கு அது தெரியாது. கொம்பு பின்னால் போய் நிற்கும், இல்லையென்றால் வட்டமாக ஒரு புள்ளிக்கோடு வந்து நிற்கும். இன்னும் சிலர் பழைய பாமினி மாதிரி எழுத்துருவில் தட்டிக் கொடுப்பாங்க. கடைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் வெறும் ஆங்கில எழுத்தாகக் கொட்டும். வழி எளிது. எழுத்து சரியாகத் தெரிகிற கணினியில் பெயர்களை அமைத்து, அங்கேயே எழுத்தை வெறும் கோடுகளாக மாற்றி, அந்தக் கோப்பைக் கொடுக்கணும். கோடாக மாறின பிறகு எந்தக் கணினியில் திறந்தாலும் அப்படியேதான் இருக்கும். இந்த நாட்டுக்காரர் முத்து நெடுமாறன் 1980களிலேயே கணினியில் தமிழ் வரணும் என்று முரசு செயலியைத் தொடங்கினார், ஆப்பிள் கணினியில் வருகிற இணைமதி எழுத்துருவும் அவர் செய்தது. அவ்வளவு வசதி கையில் இருக்கும்போது நாம் தாளைப் படம் பிடிச்சு அனுப்பிட்டிருக்கோம். வெட்கமாத்தான் இருக்கு.

இப்போ லேசருக்கு வருவோம். அந்தக் கடைக்காரர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார், அவருக்கு நன்றி.

எழுத்தைச் செதுக்கும்போது லேசர் முனை தறி மாதிரி இடம் வலமாக ஓடும், ஒவ்வோர் ஓட்டத்துக்கும் கொஞ்சம் கீழே இறங்கும். அந்த இறக்கம் எவ்வளவு என்பதை நாம்தான் மென்பொருளில் சொல்லணும். 0.1 மி.மீ. என்று வைத்தால் அங்குலத்துக்கு 254 கோடு. "இன்னும் நெருக்கமா வை அண்ணே, ஆயிரம் கோடு வை, துல்லியமா வரும்"னு எங்களில் ஒரு தம்பி சொன்னார். கேட்க நியாயமாத்தான் இருக்கும். ஆனால் லேசர் ஒளி தகட்டில் விழுகிற பொட்டே ஏறக்குறைய 0.1 மி.மீ. அகலம் இருக்கும்போது, கோட்டை 0.025க்கு நெருக்கினால் ஒரே இடத்தை நாலு தடவை சுடுகிறோம். துல்லியம் வராது, உருகல்தான் வரும். ஆங்கில எழுத்தில் அது பெரிசா தெரியாது. நம்ம 'ண'வுக்கு மூணு சுழி, 'ன'வுக்கு இரண்டு சுழி. சுழிக்குள் இருக்கிற சின்ன இடம் உருகி அடைபட்டால் எது எது என்று யார் சொல்வது?

வேகமும் அப்படித்தான். 300 மி.மீ. நீளப் பலகை, 200 மி.மீ. உயரம், கோட்டு இடைவெளி 0.1 என்றால் 2000 ஓட்டம். விநாடிக்கு 300 மி.மீ. வேகத்தில் ஒரு ஓட்டத்துக்கு ஒரு விநாடி, திரும்புகிற நேரமும் சேர்த்தால் ஒரு பலகைக்கு முக்கால் மணி நேரத்துக்குப் பக்கத்தில். தைப்பூசத்துக்கு முன்னால் கடையில் கூட்டம், நாமும் "நாளைக்கே வேணும்"னு நிற்போம். அவர் வேகத்தைக் கூட்டுவார். கூட்டினால் போகும்போது செதுக்குகிற கோடும் வரும்போது செதுக்குகிற கோடும் ஒன்றுக்கொன்று விலகி, நேர்க்கோடுகள் சீப்புப் பல் மாதிரி ஆகிடும். அதைச் சரிசெய்ய 'ஸ்கேனிங் ஆஃப்செட்' என்ற அமைப்பு இருக்கு, ஒவ்வொரு வேகத்துக்கும் அளந்து போடணும். அளக்க நேரம் கொடுக்கணும். நாம் கொடுப்பதில்லை.

வடிவத்தைச் சுற்றி வெட்டும் வேலைக்கு, அதாவது காவடிக்கு மயில், வேல் எல்லாம் வெட்டுகிறோமே, அதுக்கு வேறு கவனம். வளைவிலும் மூலையிலும் முனை வேகம் குறையும். குறையும்போது சக்தியும் குறையணும், இல்லாட்டி மூலை கருகும். பல இயந்திரங்களில் அதிகபட்ச சக்தி, குறைந்தபட்ச சக்தி என்று இரண்டு எண் இருப்பது அதற்காகத்தான். இரண்டிலும் ஒரே விழுக்காடு போட்டு வைத்த கோப்புகளைப் பார்த்தோம். மயில் இறகின் நுனியெல்லாம் கறுத்திருந்ததுக்குக் காரணம் அதுதான்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்றோம். பி.வி.சி. ஃபோம் போர்டை லேசரில் போடாதீங்க. விலை குறைவு, எடையும் குறைவு, அலங்காரத்துக்கு அழகு, எல்லாம் சரி. சுட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நுரையீரலைக் கெடுக்கும், இயந்திரத்தின் இரும்பையும் அரிக்கும். எந்த அமைப்பாலும் அதைச் சரிசெய்ய முடியாது. கத்தியால் வெட்டுங்க, இல்லாட்டி அக்ரிலிக் அல்லது பிளைவுட் வாங்குங்க. காவடி கட்டுகிற இளைஞர்கள் இதை ஒருத்தருக்கொருத்தர் சொல்லுங்க.

திரும்பப் புள்ளிக்கு வருகிறோம். கூட்டத்தில் ஓர் ஐயா, படித்தவர், ஒரு கேள்வி கேட்டார். "பழைய கல்வெட்டில் புள்ளியே இருக்காதேப்பா, அதுக்காக யாரும் அழலையே"ன்னார். உண்மைதான். பழைய கல்வெட்டுகளிலும் ஓலைச்சுவடிகளிலும் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டாங்க. மெய்யெழுத்துக்குப் புள்ளி என்று தொல்காப்பியம் சொன்ன பிறகும், ஓலையில் எழுத்தாணியால் குத்தினால் கிழியும் என்று விட்டதாகச் சொல்வாங்க. ஆனால் அதைப் படித்தவங்க அப்படியே படித்துப் பழகினவங்க. நம்ம பலகையைப் படிக்கப் போறது அந்தப் பேரன் மாதிரிப் பிள்ளைகள். தேசியப்பள்ளிக்குப் போய், வீட்டில் அப்பா அம்மா சொல்லிக்கொடுத்து, எழுத்து எழுத்தாக வருகிற பிள்ளைகளும் அதில் உண்டு. அவங்களுக்குப் புள்ளி இல்லாத தமிழைக் கொடுத்துவிட்டு, தமிழ் வரலையே என்று குறை சொல்ல முடியாது.

அதே ஐயாவுக்கு நாங்கள் தஞ்சாவூரை ஞாபகப்படுத்தினோம். 1010இல் நிறைவான பெரிய கோயிலில், தான் கொடுத்தது, அக்கா கொடுத்தது, மற்றவங்க கொடுத்தது எல்லாத்தையும் கல்லில் வெட்டச் சொன்னார் ராஜராஜன். கோயிலுக்கு ஆட வந்த 400 பெண்களின் பெயர், எந்தத் தெரு, எத்தனையாவது வீடு என்பது வரைக்கும் வெட்டியிருக்கு. ஆயிரம் வருஷம் கழித்தும் அவங்க பெயரைப் படிக்க முடியுது. நம்ம பலகையில் மூணு மாசத்தில் ஒரு பிள்ளையால் கொள்ளுப்பாட்டி பெயரைப் படிக்க முடியலை. ஐயா அதுக்கப்புறம் பேசலை, மறுநாள் தானே வந்து பட்டியல் சரிபார்க்க உட்கார்ந்தார்.

இப்போ நடந்துகொண்டிருப்பது: தவறான பலகைகளை எல்லாம் கழற்றி மறுபடி வெட்டுகிறோம். செலவைத் தொண்டர்கள் நாங்களே பகிர்ந்துகொண்டோம், உண்டியலில் கைவைக்கவில்லை. முதலில் அதே தகட்டின் வெட்டுத் துண்டில் வேகம், சக்தி இரண்டையும் மாற்றி மாற்றிச் சின்னச் சின்னக் கட்டங்களாகச் சுட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு 'ண்' போட்டோம். சுழி மூணும் திறந்து, புள்ளி வட்டமாக நின்ற கட்டத்தின் எண்களை ஒரு நோட்டில் எழுதி ஆலய அலுவலகத்தில் வைத்திருக்கோம். வேற ஆலயத் தொண்டர்கள் கேட்டால் தருவோம். ஆனால் உங்கள் இயந்திரமும் தகடும் வேறு என்றால் அதே எண் உதவாது, உங்க துண்டிலேயே ஒரு தடவை சுட்டுப் பாருங்க.

அந்த அம்மாவின் தாயார் பெயர்ப்பலகை முதலில் தயாராகிவிட்டது. மாட்டுவதற்கு முன் பேரனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னோம். ஒரே மூச்சில் படிச்சான்.

மற்றவங்க தயவுசெய்து உங்க குடும்பப் பெயர்ப்பலகையை ஒரு தடவை கிட்டப் போய்ப் படிங்க. தப்பு இருந்தால் சரியான பெயரைப் புலனத்தில் தட்டச்சு செய்து அனுப்புங்க, படம் வேண்டாம். தட்டச்சு தெரியாத பெரியவங்க ஞாயிற்றுக்கிழமை உச்சிக்காலப் பூஜை முடிந்ததும் மண்டபத்துக்கு வாங்க, நாங்கள் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்போம். நீங்க சொல்லச் சொல்லத் தட்டி, திரையிலேயே காட்டுவோம். கண்ணாடியை மறக்காமல் எடுத்துட்டு வாங்க.