புகையைப் பாசி தின்னும், நிலத்தை யார் தின்பது?

ஆலைப் புகையைக் கண்டு இனி அஞ்ச வேண்டாமாம். குளம் வெட்டிப் பாசி வளர்த்தால் அது புகையைத் தின்றுவிடுமாம். இப்படி ஒரு யோசனை பெரிய கம்பெனிகளின் வாயிலிருந்து வருகிறது.

யோசனை முழுப் பொய்யல்ல. நடவு முடிந்த வயலில் தேங்கிய நீரில் படருகிறதே நீலப்பச்சைப் பாசி, அதன் இனம்தான் இது. வெயிலில் கரியமிலவாயுவை உண்டு வளர்கிறது. 1 கிலோ உலர்ந்த பாசி உண்டாக ஏறத்தாழ 1.8 கிலோ வாயு வேண்டும்.

நாமும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். திறந்த குளத்தில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 10 கிராம் பாசி என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 40 கிலோ. அது பிடிப்பது 72 கிலோ வாயு. நிலக்கரி எரிக்கும் 500 மெகாவாட் மின்நிலையம் முழுமூச்சாக ஓடினால் ஒரே நாளில் சுமார் 10,000 டன் கக்குகிறது. அத்தனையும் தின்ன ஏறக்குறைய 1,40,000 ஏக்கர் குளம் வேண்டும்! யாருடைய நிலம் அது? ஆடுமாடு மேயும் புறம்போக்கா, குத்தகைக்காரரின் புஞ்சையா? முதலாளியின் பங்களாத் தோட்டம் அல்ல, அது நிச்சயம். தண்ணீர்? நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானாலே ஏக்கருக்கு 20,000 லிட்டர் போயிற்று.

அதோடு தீர்ந்ததா? பாசியைத் தீவனமாக்கினாலும், எண்ணெயாக்கி எரித்தாலும், பிடித்த வாயு மறுபடி காற்றுக்கே போகும். பெட்ரோல் கொஞ்சம் மிச்சமாகலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் புகைபோக்கிக்கு அது மன்னிப்புச் சீட்டு ஆகாது.

அமெரிக்காவின் எக்ஸான் கம்பெனி 2009-ல் பாசி எண்ணெய்க்கு 60 கோடி டாலர் என்று பறைசாற்றி, வருஷக்கணக்கில் விளம்பரம் செய்தது. 2023-ல் கை கழுவிவிட்ட செய்தி வந்தது. அது வேறு பாசி. நீலப்பச்சைப் பாசியையே நம்பிய ஜூல் கம்பெனியும் 2017-ல் மூடப்பட்டது.

பாசிமீது நமக்குப் பகையில்லை. அது நெல்வயலுக்குத் தழைச்சத்து தருகிறது என்று பி. கே. டே 1939-லேயே காட்டினார். பாத்தியில் மண்ணும் சூப்பர் பாஸ்பேட்டும் நீரும் விட்டு, வித்துப்பாசி தூவி வெயிலில் வைத்தால் படரும். காய்ந்ததும் சுரண்டி, நடவுக்குப் பத்தாம் நாள் ஏக்கருக்கு 4 கிலோ போட்டால் யூரியாவில் ஒரு பங்கு மிச்சம். யூரியா செய்ய எரிக்கும் வாயுவும் மிச்சம். இதற்கு யார் நிலத்தையும் பறிக்க வேண்டியதில்லை. பஞ்சாயத்துதோறும் பாசிப்பாத்தி வை, அதில் வேலை செய்யும் பெண்களுக்குச் சட்டக் கூலி கொடு என்று சர்க்காரைக் கேட்கிறோம்.