அட்டவணை சாட்சியே, நீதிபதியன்று

ஸ்பெயின் தேசத்தில் தொழில்முறைக் கூடைப்பந்துப் பந்தயம் ஒன்று முடிவுற்றவுடன், வெற்றி தோல்விச் செய்தியோடு ஓர் அட்டவணையும் வெளியாகின்றது. ஆட்டக்காரர் ஒவ்வொருவர்க்கும் அதில் ஒரு வரி உண்டு. அவர் களத்தில் நின்ற நிமிடங்கள், ஈட்டிய புள்ளிகள், எறிந்த பந்துகள், அவற்றுள் கூடையில் வீழ்ந்தவை, வளையத்திற் பட்டு மீண்ட பந்தைக் கைப்பற்றிய முறைகள், தோழர் கூடையிடுதற்குத் துணைசெய்த முறைகள், எதிரியிடமிருந்து பறித்தவை, தாமே இழந்தவை, செய்த பிழைகள் ஆகிய யாவும் எண்களாய் நிற்கும். இறுதி வரி அணி முழுமைக்கும் உரிய தொகை. ஆட்டம் நாற்பது நிமிடம். ஒரு வேளையில் களத்தில் நிற்போர் ஐவர். ஆதலின், மிகைநேரம் ஆடப்பெறாவிடின், அணியொன்றின் நிமிடத் தொகை 200 என்றே முடியும். இத்துணை நுட்பமான கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, ஆட்டத்தைக் காணாதவரும் கண்டவர் போல் ஆட்டக்காரரை உயர்த்தியும் தாழ்த்தியும் பேசத் துணிகின்றனர். அத்துணிவு தகுமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

முதற்கண் அட்டவணைக்குரிய பெருமையை மறைத்தல் நேர்மையன்று. கூட்டத்தாரின் கண் எப்பொழுதும் பந்தின் பின்னே செல்லும். கூடையிட்டவன் பெயரே அவர் வாயில் நிலைக்கும். பந்தை அவன் கையிற் சேர்த்தவனை எவரும் நினையார். அந்நன்றி மறப்பை அட்டவணை தீர்த்துவைக்கின்றது. ஸ்பானியச் சங்கத்தார் 1991ஆம் ஆண்டு ‘வலோராசியோன்’, அதாவது மதிப்பீடு, என்னும் ஒரே எண்ணில் ஆட்டக்காரன் செயல் அனைத்தையும் அடக்க முற்பட்டனர். புள்ளிகள், மீட்ட பந்துகள், உதவிகள், பறித்தவை, தடுத்த எறிதல்கள், எதிரியால் தனக்கு நேர்ந்த பிழைகள் ஆகியவை கூட்டப்படும். தவறிய எறிதல்கள், இழந்த பந்துகள், எதிரியால் தடுக்கப்பட்டவை, தான் செய்த பிழைகள் ஆகியவை கழிக்கப்படும்.

இதன் பயனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். ஒருவன் இருபது முறை எறிந்து, பத்து முறை கூடையிட்டு, 20 புள்ளி ஈட்டினான், வேறொன்றும் செய்திலன். தவறிய பத்தும் கழிய, அவன் மதிப்பீடு 10. மற்றொருவன் மூன்றே முறை எறிந்து மூன்றும் கூடையில் வீழ 6 புள்ளி ஈட்டினான், எட்டுப் பந்து மீட்டான், ஐவர்க்கு உதவினான், ஒரு பந்தை இழந்து, இரு பிழை புரிந்தான். அவன் மதிப்பீடு 16. ஆரவாரம் முதல்வனுக்கு, கணக்கு இரண்டாமவனுக்கு. இவ்வளவில் எண் அறத்தின் பக்கமே நிற்கின்றது.

எனினும் அதன் கண்ணுக்குப் புலப்படாதவை பல. எதிரியின் முகத்துக்கெதிரே கைந்நீட்டி நின்று, அவன் எறிதலைப் பிழைபடச் செய்தவனுக்கு யாது கிடைக்கும்? பந்தைத் தொட்டிலனாயின் ஒன்றுமில்லை. தோழனுக்கு வழியுண்டாகத் தன் மார்பை அரணாக்கி நின்றவனுக்கும் ஒன்றுமில்லை. முப்பது புள்ளி முன்னிற்கையில் இட்ட கூடையும், இறுதி நொடியில் வெற்றி தந்த கூடையும் ஒரே விலை பெறும். மேலும், தவறினால் ஒன்று கழியுமென்று அறிந்தவன், அணியின் பொருட்டு எறிந்தே தீரவேண்டிய வேளையில் கைகூசி நிற்றலும் கூடும். அளவுகோலுக்கு அஞ்சி ஆடுபவன் அணிக்காக ஆடுபவனாகான்.

பேரெண்ணும் சிற்றெண்ணும் நம்மை எவ்வாறு மயக்கும் என்பதற்கு ஸ்பெயினின் விளையாட்டு வரலாறே சான்று. 1989ஆம் ஆண்டு, ரியல் மாட்ரிட் அணியினர் ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பையின் இறுதிப் பந்தயத்தில், கிரேக்க நாட்டின் ஏதென்ஸில் இத்தாலியின் கசெர்ட்டா அணியை எதிர்த்தனர். மிகைநேரம் சென்று 117க்கு 113 என வென்றனர். அவற்றுள் 62 புள்ளிகள் டிராஜென் பெத்ரோவிச் ஒருவருடையன. அவ்வட்டவணையைக் கண்டோர் இனி இவ்வணியை வெல்வார் யாரென்று எண்ணியிருப்பர். அதே பருவத்தில் ஸ்பானிய லீக் பட்டமோ இறுதித் தொடரின் ஐந்தாம் பந்தயத்தில் பார்ஸிலோனாவுக்குச் சென்றது. ஓரிரவின் பேரெண் ஒரு பருவத்தின் பயனை உறுதி செய்திலது.

இனிச் சிற்றெண். 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், அதே மாட்ரிட் அணியில் பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் உனிகாஹா அணிக்கெதிராக இறுதிச் சில கணங்கள் களத்தில் விடப்பட்டான். எறிந்த முதற்பந்தே கூடையில் வீழ்ந்தது. அட்டவணையில் அவனுக்குரிய புள்ளி மூன்று. அவ்வரியைக் கண்ணால் தடவிச் சென்றோர் பலர் இருந்திருப்பர். அவன் லூக்கா டான்சிச். 2018இல் ஐரோப்பிய லீக்கிலும் ஸ்பானிய லீக்கிலும் தலைசிறந்த ஆட்டக்காரரெனப் பரிசு பெற்றவர் அவரே. மூன்று என்னும் எண் பொய்யன்று. ஆயினும் அது முழு மெய்யுமன்று.

இவ்விளையாட்டுப் பிறந்ததும் ஒரு கல்விச் சாலையிலேயே. 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், கிறிஸ்தவ வாலிபர் சங்கப் பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் குளிர்காலத்தில் மாணவர் உடலும் ஒழுக்கமும் தளராதிருக்க இதனை வகுத்தார். ஸ்பெயினில் இதனைப் பரப்பியவரும் பார்ஸிலோனாவில் பாடசாலை நடத்திய எஸ்கோலாப்பியர் சபைக் குரு எயுசேபியோ மில்லான் என்பவரே. பழைமுடைக்கூடையை மாட்டிய நாளில் அந்த ஆசிரியர் நாடியது மாணவரை ஆளாக்குதல், எண்களைக் குவித்தலன்று.

மாணவ நண்பர்காள்! உங்கள் பெயருக்கெதிரேயும் ஆண்டுதோறும் ஓர் அட்டவணை எழுதப்படுகின்றது. அதை இகழாதீர்; உழைத்தவனையும் சோம்பினவனையும் ஓரளவு அது பிரித்துக் காட்டும். ஆனால் அதனையே தீர்ப்பென்று கொண்டு, மூன்று புள்ளி பெற்ற தோழனை எள்ளாதீர். அறுபத்திரண்டு பெற்றதனால் செருக்குறாதீர். ஆசிரியர்களும் அணித் தலைவர்களும் ஓர் இளைஞனை ஏற்கவோ விலக்கவோ முற்படுங்கால், எண்ணை முதலில் கேட்கட்டும். அதன்பின் அவனுடன் தோளோடு தோள் நின்ற நால்வரையும் கேட்கட்டும். சாட்சியை விசாரியாது தீர்ப்பளித்தல் பிழை. ஒரே சாட்சியைக் கேட்டுத் தீர்ப்பளித்தல் அதனினும் பெரும்பிழை.