காட்டுப்பன்றியும் இரும்புக் குறியும்

பிரான்சில் இருக்கும் என் தங்கை மகனுக்கு ஐம்பத்தைந்து வயது. குளிர்காலத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போவான். முறையான உரிமம் உண்டு. ரைஃபிளின் மேல் சிவப்புப் புள்ளி காட்டும் கருவி வைத்திருக்கிறான். குழாயில் இரும்புக் குறி கிடையாது. "மாமா, உபரியாக ஒன்று போடலாமா, போட்டால் எது?" என்று போனில் கேட்டான். குமாஸ்தாவிடம் கேட்கிற கேள்வியா என்று சிரிக்காதீர்கள், நான் சொல்தா வீட்டுப் பிள்ளை.

போடத்தான் வேண்டும் என்பது என் கட்சி. பேட்டரிக்காக இல்லை, சில கருவிகளில் அது 50,000 மணி நேரம் ஓடுகிறதாம். எனக்குப் பயம் மழையும் மூச்சு ஆவியும்தான். கண்ணாடியில் நாலு துளி விழுந்தால் புள்ளி சிதறிவிடும். அங்கே அந்த வேட்டையை 'பத்தூ' என்பார்கள். நாய்களும் ஆட்களும் புதரைக் கலைப்பார்கள், மற்றவர்கள் வரிசையாக நின்று சுடுவார்கள். பக்கத்து ஆள் நிற்கும் பக்கம் 30 டிகிரிக்குள் சுடக்கூடாது என்பது விதி. மங்கலாகத் தெரிகிற குறியோடு அங்கே நிற்கலாமா?

எது வாங்குவது? கடைக்காரர் பின்னால் வெட்டு உள்ள பழைய வகையைக் காட்டினாராம். வேண்டாம் என்றேன். வெட்டு, முன்குறி, பன்றி என்று மூன்றையும் தெளிவாகப் பார்க்க வாலிபக் கண் வேண்டும். பின்னால் துளை உள்ள வகை என்றால் துளையைப் பார்க்கவே வேண்டாம். கண் தானாக நடுவுக்கு வந்துவிடும். கண் டாக்டர் ஊசித்துளை போட்ட கறுப்புத் தட்டைக் கொடுத்துப் பார்க்கச் சொல்வாரே, எழுத்து பளிச்சென்று தெரியுமே, அந்தச் சங்கதிதான். ஆனால் பத்தூவுக்குத் துளை பெரிதாக இருக்க வேண்டும், ஓடுகிற பன்றியைச் சிறு துளைக்குள் தேட முடியாது. அப்பா தூக்கிய மாஸ் 36-இலும் பின்குறி துளைதான். முன்குறியை அவர் 'கீதோன்' என்பார். சைக்கிள் ஹேண்டில்பாருக்கும் பிரெஞ்சில் அதே பெயர்!

புள்ளிக் கருவி திருகு முடுக்காமல் சட்டென்று கழற்றும் பிடியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவசரத்துக்கு அடியில் உள்ள குறி உதவாது.

விலையைக் கேட்டுத் தயங்குகிறான். வாங்கிப் பொருத்தினால் மட்டும் போதாது, புள்ளிக் கருவியைக் கழற்றிவிட்டு இரும்புக் குறியில் மட்டும் 50 மீட்டரில் சுட்டுச் சரிபார்க்கணும், அதற்கும் ஒரு பெட்டி தோட்டா சேர்த்து வாங்கு என்றேன். யோசிக்கிறேன் மாமா என்று வைத்துவிட்டான்.