அம்மாவின் டப்பா

அம்மாவின் வலது முன்கையைப் பார்த்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. பகாவ் பக்கத்துத் தோட்டத்தில் முதலில் பால்மரம் வெட்டி, ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட பிறகு மருந்துத் தோம்பைச் சுமந்து, 30 வருடம் வெளிக்காட்டு வேலை பார்த்த கை அது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் காய்ந்து வெடித்திருக்கும். ராத்திரியானால் அரிப்பில் தூங்க முடியாது.

போன வருடம் இரவுச் சந்தையில் 12 வெள்ளி கொடுத்து ஒரு டப்பா வாங்கிப் பூசினார். மூன்றே நாளில் அரிப்பு நின்றது. "மருந்துன்னா இதுதான்டி மருந்து" என்று பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சொன்னார். அவர் பேச்சை நம்பி நாலு பேர் வாங்கினார்கள்.

நாலு மாதத்தில் அந்தத் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்துவிட்டது. உள்ளே நரம்பு ஓடுவது தெரிந்தது. கட்டில் கால் லேசாக இடித்தாலும் கன்றிப்போகும். பூசுவதை நிறுத்தினால் முன்னைவிட மோசமாகச் சிவந்து எரியும். சிரம்பானில் தோல் மருத்துவர் கையைப் பார்த்தார், டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதில் ஸ்டீராய்டு கலந்திருக்கும்மா" என்றார். டப்பாவிலோ ஒரு ரோஜாப்பூ படம், 'லிடா புவாயா, பெகாகா' என்று இரண்டு பெயர், கீழே தங்க நிறத்தில் 'லுலுஸ் கே.கே.எம்.' அவ்வளவுதான்.

அந்தத் தங்க எழுத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சுகாதார அமைச்சு அங்கீகரித்தது என்று படித்தவர்களே நம்புகிறார்கள். நம் மலேசியாவில் அழகுசாதனப் பொருளுக்கு அங்கீகாரம் என்று ஒன்றே கிடையாது. விற்பவர், தன் பொருளில் இன்னின்னது இருக்கிறது என்று தேசிய மருந்தக ஒழுங்குமுறைப் பிரிவிடம் அறிவிக்கிறார். அதற்கு 'என்.ஓ.டி.' என்று தொடங்கும் எண் கிடைக்கிறது. கடைக்கு வருமுன் அந்தப் பிரிவு பொருளைச் சோதித்துப் பார்ப்பதில்லை. பதிவுபெற்ற மருந்து வேறு. அதன் எண் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும். பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு, மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டிய மருந்து. எந்த வலிமை, எந்த இடத்தில், எத்தனை நாள் என்று கணக்கோடு பூசினால் அது கரப்பானை அடக்கும் நல்ல மருந்துதான். அதை ரோஜாப்பூ டப்பாவுக்குள் ஒளித்து வைத்து, லிடா புவாயா, அதாவது கற்றாழை, என்று விற்பது குற்றம். அமைச்சு தடை செய்து அவ்வப்போது வெளியிடும் கிரீம் பட்டியல்களில் பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், பீட்டாமெத்தசோன் என்ற பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அந்தப் பட்டியல் எங்கள் தோட்டத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு மருத்துவரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் இருக்கிற கிரீம்களையெல்லாம் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். மருந்துக் கடையில் 9 வெள்ளிக்கு வாங்கிய வெள்ளை டப்பா ஒன்று. தங்கை ஆசைப்பட்டு 68 வெள்ளிக்கு வாங்கிய 'சிகா' டியூப் ஒன்று. பொருள்களின் பெயரை அளவு கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக அச்சிட வேண்டும் என்பது விதி. வெள்ளை டப்பாவில் தண்ணீர், கிளிசரின், பெட்ரோலாட்டம். கிளிசரின் தோலில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பெட்ரோலாட்டம், அதாவது நம் வாசலின், அந்த ஈரம் பறந்துவிடாமல் மூடும். காய்ந்த தோலுக்கு வேண்டியது இந்த இரண்டும்தான். அடுத்து 'செட்டியரில் ஆல்கஹால்' என்று இருந்ததைப் பார்த்து அம்மா பயந்தார். அது எரிகிற சாராயமில்லை, மெழுகு மாதிரி ஒரு கொழுப்பு. தோலுக்கு நல்லது.

சிகா டியூபின் முன்பக்கம் முழுக்க ஓர் இலைப் படம். பின்பக்கம் திருப்பினால், 'சென்டெல்லா ஏசியாட்டிகா' என்ற அந்த இலையின் பெயர் பீனாக்ஸியெத்தனாலுக்கும் பின்னால், வால் நுனியில் கிடக்கிறது. பீனாக்ஸியெத்தனால் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்ப்பது. 1 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது. அப்படியானால் அதற்குப் பின்னால் வருகிற இலையும் 1 சதவீதத்தைத் தாண்டாது. கடைசியில் வாசனைத் திரவியம். வெடித்த தோலுக்கு அதுதான் முதல் எதிரி.

அந்த இலை எது என்று அம்மாவிடம் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. வல்லாரை! மலாய்க்காரர்கள் பெகாகா என்று உலாம் வைத்துச் சாப்பிடுவது. எங்கள் லயத்துக் கால்வாய் ஓரம் முளைத்துக் கிடப்பது. ஒரே செடிக்குத் தமிழில் ஒரு பெயர், மலாயில் ஒரு பெயர், லத்தீனில் ஒரு பெயர், கொரியக் கடையில் 'சிகா' என்று நாலாவதாக ஒரு பெயர். கற்றாழையும் இப்படித்தான். லிடா புவாயா என்றும் இருக்கும், 'அலோ பார்படென்சிஸ்' என்றும் இருக்கும். தோட்டத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்ற ஒரு பெண் எதை எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்? பொடி எழுத்து வேறு. பூதக்கண்ணாடி இல்லாமல் எனக்கே தெரியவில்லை.

நெகிரி செம்பிலானில் மருந்துக் கடை வைத்திருக்கும் தமிழர்களையும், தோட்டத்துக் கோயில்களில் மருத்துவ முகாம் நடத்துகிறவர்களையும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். இரத்த அழுத்தம் பார்க்கும் மேசையில், பெரிய எழுத்தில், தமிழில், ஒரே ஒரு தாள் வையுங்கள். கிளிசரின் எதற்கு, யூரியா கலந்த கிரீம் வெடிப்பில் ஏன் எரியும், 'எம்.ஏ.எல்.' என்றால் என்ன, 'என்.ஓ.டி.' என்றால் என்ன என்று பத்து வரி போதும்.

வாங்கிப் பூசிக்கொண்டிருக்கும் அக்காமார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பொருள்களின் பெயர் முழுதாக இல்லாத டப்பா வீட்டில் இருந்தால் அதைக் குப்பையில் வீசிவிடாதீர்கள். ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் போய் மருத்துவரின் மேசையில் வையுங்கள். எத்தனை மாதம் பூசினீர்கள் என்பதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.