ஒரு புரதமும் பெரியவரின் கேள்வியும்

“ஏன் தம்பி, ஊசி போட்டா கிழவனும் குமரனாயிடுவானாமே? நம்ம சிங்கப்பூர்லயே கண்டுபிடிச்சிருக்காங்களாமே! இனிப்புநீருக்கும் அது கேக்குமா?”

2024 ஜூலையில், தேக்கா நிலைய உணவங்காடியில் தேநீர் அருந்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. நான் உயிரியல் மாணவன். விடை ஓரளவு தெரியும். ஆனால், அதைத் தமிழில் சொல்ல நா எழவில்லை. “அதெல்லாம் எலிக்குத்தான் ஐயா” என்று மழுப்பிவிட்டு நகர்ந்தேன். அந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

அவர் கேள்விப்பட்டது இன்டர்லூக்கின்-11 என்னும் புரதத்தைப் பற்றி. உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் தூதுகளுள் அதுவும் ஒன்று. தூதைப் பெற உயிரணுவின் மேற்பரப்பில் ஏற்பி என்னும் வேறொரு புரதம் காத்திருக்கும். பூட்டும் சாவியும்போல இரண்டும் பொருந்தினால்தான் செய்தி உள்ளே செல்லும்.

1990இல் அறியப்பட்ட இப்புரதம் நன்மையே செய்யும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. புற்றுநோய்ச் சிகிச்சையின்போது குறைந்துபோகும் இரத்தத் தட்டணுக்களைப் பெருக்க, 1997இல் அமெரிக்கா அதையே மருந்தாக அனுமதித்தது. உறுப்புகளில் தழும்பு ஏறுவதை அது குறைக்கும் என்றும் எலி ஆய்வுகள் கூறின.

இந்த நம்பிக்கையைப் புரட்டிப்போட்டது நம் ஊர். டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியையும் சிங்கப்பூர் தேசிய இதய நிலையத்தையும் சேர்ந்த ஸ்டூவர்ட் குக், செபஸ்டியன் ஷாஃபர் ஆகியோரின் குழு, மனித இதயத்திசுவில் இருந்து எடுத்த உயிரணுக்களையே ஆராய்ந்தது. தழும்பைத் தடுப்பதாகக் கருதப்பட்ட புரதம், உண்மையில் தழும்பைத் தூண்டுகிறது என்று 2017இல் அறிவித்தது. தழும்பு ஏறிய இதயம் இறுகும். சிறுநீரகம் வடிகட்டும் திறனை இழக்கும்.

இத்தனை ஆண்டுகள் பிழை நீடித்தது எப்படி? பழைய ஆய்வுகள் மனிதப் புரதத்தை எலிக்குச் செலுத்தின. எலியின் பூட்டில் மனிதச் சாவி நுழைந்தது. ஆனால் சரியாகத் திரும்பவில்லை. எலியின் சொந்தச் சாவியும் நுழைய முடியாதபடி துளையை அடைத்துக்கொண்டது. தடுத்ததால் விளைந்த நன்மையை, கொடுத்ததால் விளைந்த நன்மை என்று தவறாகப் படித்துவிட்டார்கள்!

ஆகவே, இப்புரதத்தைத் தடுப்பதே இன்று மருந்தின் இலக்கு. அதற்கான எதிர்ப்புரதங்களை உருவாக்கும் உரிமையை ஜெர்மனியின் போரிங்கர் இங்கெல்ஹைம் நிறுவனம் 2020இல் சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றிடமிருந்து பெற்றது. 2024இல் அனிஸா விட்ஜாஜா, குக் முதலானோர் முதிய எலிகளுக்கு அத்தகைய எதிர்ப்புரதத்தைச் செலுத்தினர். அவற்றின் ஆயுள் 20 விழுக்காட்டுக்கும் மேல் கூடியது. பெரியவரின் காதுக்கு எட்டிய ‘இளமை ஊசி’ இதுதான்.

இதை அதியமானின் நெல்லிக்கனியாக்கிக் கொண்டாடுவது அவசரம் என்பேன். எலியை நம்பி ஒருமுறை ஏமாந்த கதையல்லவா இது? அந்தப் புரதத்தின் ஏற்பி பிறவியிலேயே பழுதானவர்களுக்கு மண்டையோட்டு எலும்புகள் உரிய காலத்துக்கு முன்பே இணைந்துவிடுவதும் உண்டு. முற்றும் தீயதென்று ஒரு புரதத்தையும் ஒதுக்க இயலாது. மனிதரிடம் நடக்கும் சோதனைகளே முடிவு சொல்ல வேண்டும்.

அந்தச் சோதனைகளில் நம்மவர் இடம் என்ன? சிங்கப்பூரில் சீனரைக் காட்டிலும் இந்தியரிடையே நீரிழிவு கூடுதல். அது இதயத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கும் நோய். மருந்துச் சோதனைக்கு ஒருவரை அழைக்கும்போது ஒப்புதல் படிவம் நீட்டப்படும். ‘ஏற்பி’ என்றால் என்ன, ‘தடுப்பது’ எதை என்று அறியாமல் இடப்படும் கையொப்பம் ஒப்புதலாகுமா? அறியாமையால் அஞ்சி விலகுவதும் இழப்பே. படிவத்தைத் தமிழில் பெயர்த்தால் மட்டும் போதாது. தமிழில் விளக்கும் வாய் ஒன்று அருகில் வேண்டும்.

அந்த வாய் நம்முடையதாக இருக்கட்டும். பட்டிமன்றமும் பொங்கல் விழாவும் நடத்தும் நம் தமிழ்ப் பேரவைகள், ஆண்டுக்கு ஒரு மாலையேனும் மருத்துவ, உயிரியல் மாணவர்களைச் சிராங்கூன் சாலைப் பக்கம் அழைத்துச் சென்று மக்களின் கேள்விகளுக்குத் தமிழில் விடை சொல்ல வைக்கலாமே! அறிவியல் தமிழ் கலைச்சொல் அகராதியில் மட்டும் வாழாது.

பெரியவரை மீண்டும் கண்டால் இப்படிச் சொல்வேன்: “ஐயா, நம் உடம்பில் தழும்பு உண்டாக்கும் ஒரு தூதைத் தடுக்கும் ஊசி அது. எலியிடம் பலித்திருக்கிறது; மனிதரிடம் இப்போதுதான் சோதிக்கிறார்கள். அதுவரை இனிப்புநீர் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.”

நான்கே வரிதான். அன்றே சொல்லியிருக்கலாம்.